போர் காட்டில் ஒரு பத்மினி

செம்பூரிலிருந்து லோனாவாலா சுமார் 75 கி.மீ. இன்றைய கார்கள் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். என்னுடைய 1978 மாடல் பிரீமியர் பத்மினிக்கு மூன்றரை ஆண்டுகள் பிடித்தன.

முதல் முறை கிளம்பியது 2022 மே மாதத்தில். மனைவி, மகள், ஒரு கூடை மாம்பழம், பின் சீட்டில் இரண்டு தலையணைகள். கொப்போலியில் மலையேறத் தொடங்கியபோதே எஞ்சின் மூச்சு வாங்கியது. பழைய நெடுஞ்சாலை மும்பை-புனே விரைவுச் சாலையோடு கலக்கும் இடத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் பானெட் இடுக்கிலிருந்து ஆவி பீறிட்டது. வண்டி நின்றது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில், உறுமிக்கொண்டு ஏறும் லாரிகள். அந்த வெயிலில் இருவரையும் பாறையோரம் நிறுத்திவைத்துவிட்டு, கிரேனுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மனைவி வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: "இனிமே இந்த வண்டியில ஊருக்குள்ளகூட நான் ஏற மாட்டேங்க."

அந்த மலைப்பாதைக்குப் பெயர் போர் காட். மராட்டிப் பெயர். தமிழில் எழுதிப் படித்தால் யுத்தம் நினைவுக்கு வருகிறது. அன்று அதில் தோற்றுத் திரும்பினேன்.

வண்டி பெரியப்பாவுடையது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கிடைக்கும் என்றிருந்த காலத்தில் வாங்கியது. பக்கத்துக் குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. இத்தாலியின் ஃபியட் 1100தான் அங்கே ஃபியட் டிலைட்டாகி, 1970களில் பத்மினி என்று சித்தூர் ராணியின் பெயரைப் பெற்றது. 1089 சி.சி. எஞ்சின். சுமார் 40 குதிரைசக்தி. ஸ்டீயரிங்குக்குக் கீழேயே கியர். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரே நீள சீட். பெரியப்பா காலமானபோது பெங்களூரிலிருந்து வந்த அவர் மகன் சாவியை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கோடா. நான் எடுத்துட்டுப் போனா இது கண்காட்சிப் பொருளாயிடும்" என்றான். ஏறக்குறைய என்னிடமும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. கிரேனிலிருந்து இறங்கிய வண்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கட்டடத்தின் கீழே தார்ப்பாய்க்குள் கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தது ஒரு தேதி. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக, தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022இல் 5,000 ரூபாயாகி, 2025இல் 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் ஆயிற்று. பசுமை வரி தனி. 50 வயதைக் கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 'வின்டேஜ்' பதிவு உண்டு. ஆனால் அந்த வண்டிகளைத் தினசரிப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. என் வண்டிக்கு அந்த வயதும் ஆகவில்லை. புதுப்பிக்கும் நாள் நெருங்க நெருங்க, கேள்வி எளிமையாயிற்று: இது ஓடுகிற காரா, காயலான் கடைக்குப் போகிற இரும்பா?

குர்லாவின் சி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் உஸ்தாதிடம் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளாக மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளுக்கு எஞ்சின் பார்த்தவர். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. டாக்ஸிகளுக்கு வயது வரம்பு 20 ஆண்டு என்பதால், 2023 அக்டோபர் இறுதியோடு பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்தது. "அன்றைக்கு என் வேலையில் முக்கால் பங்கு போய்விட்டது சாப்" என்கிறார். "முன்பு வந்தவை சோறு போடும் வண்டிகள். இப்போது வருபவை எல்லாம் காதல் வண்டிகள். காதல் வண்டிக்காரர்கள் பாலிஷ் போடுவார்கள், தூரம் போக மாட்டார்கள்."

எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததும் அவர் என்னைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றியவன் நான். அதன் உப்பு படிந்து பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. சூட்டில் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்திருந்தது. ரேடியேட்டர் மாற்றி, ஹெட்டைச் சமப்படுத்தி, சிலிண்டர்களை போரிங் செய்து, புதிய பிஸ்டன், ரிங் போட்டு, பிரேக்குகளை முழுதாகப் புதுப்பித்து முடிக்க ஐந்து மாதம். பாதி உதிரிப் பாகங்கள் உடைக்கப்பட்ட டாக்ஸிகளிலிருந்து வந்தவை. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன வட்ட மீட்டரையும் பொருத்தினார். எஞ்சின் சூட்டை எண்ணில் காட்டுவது.

வண்டியைக் கையில் வாங்கிய நாளில்தான் தெரிந்தது, பழுது பார்க்கப்பட்டது வண்டி மட்டும்தான் என்று. ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் போல ஓடியது. நானோ சாலையைப் பார்க்கவில்லை. அந்த வட்ட மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பூரிலிருந்து மாடுங்காவுக்கு, காய்கறி வாங்க, சுமார் ஏழு கி.மீ. போய் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஒவ்வொரு சத்தமும் ஒரு கெட்ட செய்தியாகக் கேட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக உஸ்தாதிடம் போய், "எங்கேயோ கடகடவென்கிறது" என்றேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "கியர் தண்டின் மூட்டு. நாற்பது வருஷமாக அப்படித்தான் கடகடவென்கிறது. நீங்கள் இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள்."

பிறகு ஒரு விதி சொன்னார். "போரிங் செய்த எஞ்சினை வீட்டில் வைத்திருந்தாலும் கெட்டுவிடும், முதல் நாளே மலையேற்றினாலும் கெட்டுவிடும். முதல் 500 கி.மீ. மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் மாற்றி, ஹெட் போல்ட் முறுக்கித் தருகிறேன். எவ்வளவு தூரம் போகலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். வண்டி நின்றால் எவ்வளவு தூரத்திலிருந்து பதற்றமில்லாமல் வீடு திரும்ப முடியுமோ, அவ்வளவு தூரம் போங்கள். அடுத்த வாரம் அதைக் கொஞ்சம் நீட்டுங்கள்."

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தேதி, தூரம், அதிகபட்ச சூடு, ஆயில் மட்டம், புதிய சத்தங்கள் என்று ஐந்து பத்திகள் போட்டேன். முதல் மூன்று வாரம் மாடுங்கா, சயான், குர்லா. பிறகு மான்குர்த் வழியாக வாஷி பாலம் வரை. முன்பெல்லாம் அந்தப் பாலத்துச் சுங்கச் சாவடி வரிசையே பழைய வண்டிகளுக்குச் சோதனை. பத்மினியில் ரேடியேட்டர் விசிறி எஞ்சினின் பெல்ட்டில் சுற்றுவது. வண்டி ஊர்ந்தால் விசிறியும் ஊரும், சூடு ஏறும். 2024 அக்டோபரிலிருந்து மும்பையின் நுழைவாயில்களில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. அதற்கு அரசாங்கத்தை என் அளவுக்கு மனமார வாழ்த்தியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மெதுவாக நெருல், பேலாப்பூர் என்று கோடு நீண்டது.

மொழிபெயர்ப்பு வேலையில் இந்த அனுபவம் எனக்கு உண்டு. புதிய ஆசிரியர் ஒருவரின் முதல் 10 பக்கங்களில் ஒவ்வொரு சொல்லும் சந்தேகத்தைக் கிளப்பும். 100 பக்கங்களைத் தாண்டினால் எது அவருடைய வழக்கம், எது அச்சுப் பிழை என்று பிடிபட்டுவிடும். 300 கி.மீ. ஓடியபோது நோட்டில் 'புதிய சத்தங்கள்' பத்தி காலியாகத் தொடங்கியது. வலது முன் சக்கரத்தின் கீச்சு ஈரமான காலைகளில் மட்டும். டிஃபரன்ஷியலின் முனகல் 50 கி.மீ. வேகத்தில் தொடங்கி 60இல் நின்றுவிடும். 82 டிகிரியில் முள் நிற்கும். சிக்னலில் 90 வரை போகும். வண்டி நகர்ந்தால் இறங்கிவிடும். எல்லாம் வழக்கம்.

ஆனால் அசல் தைரியம் வந்தது வண்டி ஒழுங்காக ஓடிய நாட்களில் அல்ல. அக்டோபர் மாத மதியம் ஒன்றில், பன்வேலுக்குப் போகும் வழியில், கார்கர் அருகே, எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. மும்பையின் அக்டோபர் வெயில் மே மாதத்துக்குச் சளைத்ததல்ல. மூன்றரை ஆண்டுகளுக்கு முந்தைய பயம் முழுசாக வயிற்றில் வந்து இறங்கியது. மீட்டரைப் பார்த்தேன்: 91. ஆவி இல்லை, ஆயில் நாற்றம் இல்லை. அப்படியென்றால் எஞ்சின் கொதிக்கவில்லை. பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை.

ஏ.சி. பம்ப். பத்மினியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி, அதன் சூட்டிலேயே வேலை செய்வது. வெயில் அதிகமானால் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப்பால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது. 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இந்தப் பழைய வண்டிகளைக் கருதிச் செய்யப்பட்டதல்ல. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அது அரிக்கும் என்பதால் உஸ்தாத் அவற்றை மாற்றியிருந்தார். சூட்டுக்கு அவர் கொடுத்திருந்த மருந்து ஒரு பழைய துண்டு. அதைத் தண்ணீரில் நனைத்து பம்ப்பின் மேல் சுற்றினேன். ஒரு காலத்தில் இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் ஃபியட், அம்பாசடர் டிரைவர்கள் எல்லோரும் செய்த வைத்தியம் இது. பதினைந்து நிமிடம் மர நிழலில் நின்றேன். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

அன்று பன்வேல் வரை போய்விட்டுத்தான் திரும்பினேன். நோட்டில் எழுதிய வரி: "நின்றது. காரணம் தெரிந்தது. கிளம்பியது." அதுவரை நான் வேண்டிக்கொண்டிருந்தது வண்டி நிற்கவே கூடாது என்று. 47 வயது இயந்திரத்திடம் கேட்கக்கூடாத வரம் அது. நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும் என்ற நிலையே போதும், அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் போகலாம் என்று கார்கரில் புரிந்தது.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசன் அதிகாரிகளை எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விஷயம். சோதிக்காமல் நம்புவதும், சோதித்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்று அது முடிகிறது. எம்.ஏ. வகுப்பில் பரீட்சைக்காகப் படித்தது. 2022இல் நான் செய்தது முதல் தவறு. மாடுங்கா போகும் வழியெல்லாம் செய்துகொண்டிருந்தது இரண்டாவது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். தனியாக. மனைவி வாசல் வரை வந்தாள். "ஏறினதும் ஃபோன் பண்ணுங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கியில் பத்து லிட்டர் தண்ணீர், துண்டு, ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயின்ட், கண்டன்சர், ஒரு கூலன்ட் டப்பா.

பன்வேலுக்கு அப்பால் விரைவுச் சாலையை விட்டுவிட்டுப் பழைய நெடுஞ்சாலையைப் பிடித்தேன். 2002இல் விரைவுச் சாலை முழுவதுமாகத் திறந்த பிறகு அவசரக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். இங்கே சௌக், காலாப்பூர் என்று ஊர்கள் இன்னும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பனியில் வயல்கள். 55 கி.மீ. வேகத்தில் போகிறவனை யாரும் ஹார்ன் அடித்து விரட்டவில்லை. ஒரு பால் வேன்காரர் பக்கத்தில் வந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கொப்போலியில் டீக்கும் வடாபாவுக்கும் நிறுத்தினேன். மலைமேல் ஏரிகளின் தண்ணீரைக் குழாய்களில் இறக்கி 1915 முதல் டாடா நிறுவனம் இங்கே மின்சாரம் எடுக்கிறது. தண்ணீர் இறங்கும் அதே உயரத்தை நான் ஏற வேண்டும்: சுமார் 15 கி.மீ. தூரத்தில் 500 மீட்டருக்கு மேல். ஆயில், பெல்ட், டயர் எல்லாம் பார்த்தேன். முள் 80.

போர் காட்டில் வண்டிப் பாதை திறந்தது 1830இல். ரயில் ஏறியது 1863இல். ஆங்கிலேயர்களுக்கு இந்த மலையில் வழி காட்டியவன் ஷிங்ரோபா என்ற ஆடு மேய்ப்பவன் என்றும், காட்டிய கையோடு அவனைச் சுட்டுவிட்டார்கள் என்றும் கதை. பழைய சாலையின் ஏற்றத்தில் அவனுக்கு ஒரு கோவில் இருக்கிறது. இந்த வழியே போகும் டிரைவர்கள் காசு போட்டுவிட்டுப் போவார்கள்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன். பத்மினியில் ஓடும்போது முதல் கியருக்கு இறக்குவது சுலபமல்ல, பற்கள் கத்தும். அதனால் ஏற்றத்தில் வேகத்தை முழுசாக விட்டுவிடக் கூடாது. 84. 88. 92. 2022இல் எனக்கு மீட்டர் இல்லை. இன்று பயத்துக்கு ஓர் எண் இருந்தது. உஸ்தாத் சொன்ன எல்லை 100. ஷிங்ரோபா கோவிலில் 95. ஓரம் கட்டி நிறுத்தினேன், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் தண்ணீர் ஓட்டமும் விசிறியும் நின்று சூடு உள்ளேயே தங்கிவிடும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் 86. ஷிங்ரோபாவுக்கு ஐந்து ரூபாய். வழி காட்டியவனுக்கு அது குறைவுதான்.

பிறகு வந்தது நான் மூன்றரை ஆண்டுகளாகக் கனவில் கண்டுகொண்டிருந்த இடம். பழைய சாலை விரைவுச் சாலையோடு கலக்கிறது. திடீரென்று இரண்டு பக்கமும் லாரிகள். இங்கேதான் 1830இல் கட்டிய அம்ருதாஞ்சன் பாலம் இருந்தது. அதன்மேல் மாட்டியிருந்த தலைவலி மருந்து விளம்பரத்தால் வந்த பெயர். சென்னைத் தமிழர்கள் சொந்தம் கொண்டாடும் அந்தச் சின்ன மஞ்சள் பாட்டில், உண்மையில் 1893இல் பம்பாயில் பிறந்து, 1936இல்தான் சென்னைக்குக் குடிபோனது. பாலம் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை காலியாக இருந்த சமயம் பார்த்து, வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெரியப்பா இந்தப் பாலத்தைக் கண்டதும், "அவ்வளவுதான், ஏறியாச்சு" என்பார். இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே ஏறிவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இடது ஓரம், இரண்டாவது கியர், 30 கி.மீ. வேகம். முன்பு நின்ற பாறை வந்தது. அடையாளம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எல்லாப் பாறையும் ஒன்று போலத்தான் இருந்தன. 93. கண்டாலாவுக்குப் பிரியும் சாலையில் திரும்பியதும் மூன்றாவது கியர். ஏழே முக்காலுக்கு லோனாவாலாவில் நின்றபோது கைகள் நடுங்கின. வண்டி நடுங்கவில்லை.

மனைவிக்கு ஃபோன் செய்தேன். ஒரு வினாடி மௌனம். "சரி, இறங்கணுமில்ல? அதுக்கப்புறம் பேசலாம்."

அவள் சொன்னது சரி. ஏற்றத்தில் வண்டி நின்றால் அவமானம். இறக்கத்தில் நிற்காவிட்டால் ஆபத்து. பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் போன லாரிகளின் கதைகள் இந்த மலையில் ஏராளம். இரண்டாவது கியரில் எஞ்சின் கூவக் கூவ இறங்கினேன். பிரேக்கை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து. கொப்போலியில் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கருகல் நாற்றம் இல்லை. அந்த வடாபாவ்க்காரர் என்னை அடையாளம் கண்டு, "வந்துவிட்டதா?" என்றார் மராட்டியில். வண்டியைத்தான் கேட்டார்.

மறுநாள் உஸ்தாதிடம் நோட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்தி 95 என்ற எண்ணைப் பார்த்தார். "டைமிங்கைக் கொஞ்சம் சரிசெய்தால் இன்னும் இரண்டு குறையும்" என்றார். பாராட்டெல்லாம் அவரிடம் கிடையாது. பெட்டியை மூடும்போது மட்டும் கேட்டார்: "அடுத்தது புனேயா?"

பதிவைப் புதுப்பிக்கப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் ஐந்து ஆண்டு. போன ஞாயிறு மாடுங்காவுக்குக் கிளம்பும்போது மனைவி முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சயான் சிக்னலில் வண்டி நின்றபோது அவள் பார்வை வட்ட மீட்டருக்குப் போனது.

"தொண்ணூறு காட்டுதே?"

"சிக்னல்ல அப்படித்தான். கிளம்பினா இறங்கிடும்."

பச்சை விழுந்தது. முள் இறங்குகிற வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.